செயலியை இம்போர்ட் செய்யாத சோதனை: ஒரு பைத்தான் கருவியின் இம்போர்ட் வரிகளைச் சுருக்கிய நிகழ்வு ஆய்வு

டிப்ளாய் ஆகி, அதாவது சர்வரில் ஏற்றப்பட்டு, ஓடிக்கொண்டிருக்கும் வலைச்செயலியைச் சோதிக்கும் கருவியின் வேலை யூனிட் டெஸ்டின் வேலையிலிருந்து வேறுபட்டது. யூனிட் டெஸ்ட், செயலியின் கோடுக்குள் இருந்துகொண்டு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பார்க்கும். இந்தக் கருவிக்குத் தரப்படுவது ஒரு முகவரி மட்டும்தான். லாகின் பக்கத்தைத் திறந்து, படிவத்தை நிரப்பி அனுப்பி, திரும்பி வரும் ஸ்டேட்டஸ் கோடு, ஹெடர், குக்கி எல்லாவற்றையும் வெளியாள் ஒருவர் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டிப்ளாய்க்குப் பிறகும் ஸ்டேஜிங் என்ற ஒத்திகைச் சூழலிலும், பயனர்கள் பயன்படுத்தும் புரொடக்ஷனிலும் ஓட வேண்டும்.

நான் இங்கே எழுதும் கருவி, பைத்தானில் சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட் மேல் கட்டப்பட்டது. முதலில் ஒரே ஒரு செயலியின் ரெப்போவுக்குள் (கோடு சேமிப்பகத்துக்குள்) ஒரு ஃபோல்டராக இருந்தது. வேறு செயலிகளுக்கும் தேவைப்பட்டதும் தனி ரெப்போவுக்கு மாற்றினார்கள். கோப்புகள் இடம் மாறின, வேறு கோப்புகளின் கோடை உள்ளே கொண்டுவரும் இம்போர்ட் வரிகள் மாறவில்லை. அவற்றை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தபோது, கேட்டவர்கள் சொன்னது இவ்வளவுதான்: புதிய சோதனைக் கோப்பு ஒன்றைத் தொடங்கினால், தலைப்பகுதியைப் பழைய கோப்பிலிருந்து நகலெடுக்காமலே எழுத முடிய வேண்டும்.

கேட்க அலங்கார வேலை போலத் தெரிந்தது. ஆனால் அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, கருவி எதைச் சோதிக்கிறது என்ற கேள்வியே அவற்றுக்குள் இருந்தது.

கோப்பின் தலையில் இருந்தவை

ஒரு சாதாரணச் சோதனைக் கோப்பின் முதல் வரி, அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டருக்கு இரண்டு படி மேலே போய் அதை சிஸ்.பாத் பட்டியலின் (இம்போர்ட் செய்யும்போது பைத்தான் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) தொடக்கத்தில் செருகியது. அடுத்து, கருவியின் உள்ளறைகள் வரை நீளும் வரிகள்: ‘ஃப்ரம் கருவி.கோர்.எச்டிடிபி.செஷன் இம்போர்ட் கிளையண்ட்’ என்ற வகை. அதற்குக் கீழே, உதவி ஃபங்ஷன்கள் இருந்த ஹெல்ப்பர்ஸ் மாட்யூலிலிருந்து (மாட்யூல் என்பது இம்போர்ட் செய்யக்கூடிய ஒரு பைத்தான் கோப்பு) நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும் ஒரு வரி. கடைசியாக, சோதிக்கப்படும் செயலியின் செட்டிங்ஸ், அதன் யுஆர்எல் அட்டவணை, டேட்டாபேஸ் தரவைக் குறிக்கும் கிளாஸ்களான சில மாடல்கள்.

இவற்றில் எதுவும் கவனக்குறைவால் வந்ததல்ல. சிஸ்.பாத் வரி இல்லாவிட்டால் கோப்பு ஓடாது. ஓடாததற்குக் காரணம் பலருக்கும் தெரியாத ஒரு சிறு வேறுபாடு: ‘பைத்தான் -எம் பைடெஸ்ட்’ என்று ஓட்டினால் நாம் நிற்கும் ஃபோல்டர் சிஸ்.பாத்தில் சேர்ந்துவிடும், வெறும் ‘பைடெஸ்ட்’ என்று ஓட்டினால் சேராது. சிலர் தங்கள் கணினியில் முதல் வகையில் ஓட்டினார்கள், சோதனைகளைத் தானாக ஓட்டும் பைப்லைன் இரண்டாம் வகையில் ஓட்டியது. ‘எனக்கு ஓடுகிறது, பைப்லைனில் மாட்யூல் கிடைக்கவில்லை என்கிறது’ என்ற புகார் திரும்பத் திரும்ப வந்ததன் அடி இதுதான். அதைச் சமாளிக்க யாரோ சேர்த்த ஒரு வரி, நகல் மேல் நகலாக எல்லாக் கோப்புக்கும் பரவியிருந்தது.

ஒரே கோப்பு, இரண்டு மாட்யூல்

சிஸ்.பாத்தைக் கையால் மாற்றுவதில் இருக்கும் பெரிய ஆபத்தை இந்தக் கருவி நேரடியாகக் காட்டியது. லாகின் தோற்றால் கருவி ‘லாகின்தோல்வி’ என்ற எக்ஸெப்ஷனை (நிரல் எழுப்பும் பிழை) எழுப்பும். ஒரு சோதனை வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லைக் கொடுத்து, அந்த எக்ஸெப்ஷனைப் பிடித்து, ‘சரி, தோற்க வேண்டியது தோற்றது’ என்று முடிய வேண்டும். ஆனால் எக்ஸெப்ட் பகுதி அதைப் பிடிக்கவே இல்லை. திரையில் தெரிந்த பிழையின் பெயரும் எக்ஸெப்டில் எழுதியிருந்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

பைத்தான் ஒரு மாட்யூலை முதல் தடவை ஏற்றும்போது அதை சிஸ்.மாட்யூல்ஸ் என்ற டிக்ஷனரியில் போட்டுவைக்கிறது. அதில் சாவியாக இருப்பது இம்போர்ட் செய்த பெயர். வட்டில் இருக்கும் கோப்பின் பாதை அல்ல. சிஸ்.பாத்தில் ரெப்போவின் வேரும் இருந்தது, கருவி ஃபோல்டரும் தனியாக இருந்தது. அதனால் அதே கோப்பை ஒரு இடம் ‘கருவி.பிழைகள்’ என்றும், இன்னொரு இடம் வெறும் ‘பிழைகள்’ என்றும் இம்போர்ட் செய்தது. பைத்தானைப் பொறுத்தவரை அவை இரண்டு தனித்தனி மாட்யூல்கள். கோப்பு இரண்டு தடவை ஓடியது, லாகின்தோல்வி என்ற பெயரில் இரண்டு கிளாஸ்கள் பிறந்தன. ஒன்றை எழுப்பினோம், மற்றதைப் பிடிக்கக் காத்திருந்தோம்.

இப்படிப்பட்ட குழப்பத்தை உறுதிசெய்ய எளிய வழி, எழுந்த எக்ஸெப்ஷனின் கிளாஸ் தன்னை எந்த மாட்யூலைச் சேர்ந்ததாகச் சொல்கிறது என்று அச்சிட்டுப் பார்ப்பது. பெயர் ஒன்றாகவும் மாட்யூல் வேறாகவும் இருந்தால் தேடலை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பொருள் இந்தக் கிளாஸைச் சேர்ந்ததா என்று கேட்கும் ஐஸ்இன்ஸ்டன்ஸ் சோதனை காரணமில்லாமல் பொய்யாவது, மாட்யூல் அளவில் வைத்த கவுண்டர் பாதியிலேயே நிற்பது, ஒருமுறை லாகின் செய்த செஷன் இன்னொரு இடத்தில் லாகின் இல்லாததுபோல நடப்பது ஆகியவற்றையும் இதே வேரிலிருந்து பார்க்கலாம். இம்போர்ட் வரியை ஆளுக்கொரு விதமாக எழுதும் பழக்கம் ஒரு நடைப் பிரச்சினை என்று ஒதுக்கப்படுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இது. அது நிரலின் நடத்தையையே மாற்றுகிறது.

செயலியை இம்போர்ட் செய்வதில் என்ன தவறு?

மிக முக்கியமான வரிகள் கடைசி வரிகள்தான். சோதனைக் கோப்பு, செயலியின் யுஆர்எல் அட்டவணையை இம்போர்ட் செய்து, ‘இன்வாய்ஸ் பக்கத்தின் பாதை என்ன?’ என்று அதனிடமே கேட்டது. கிடைத்த பாதையை முகவரியுடன் ஒட்டி, டிப்ளாய் ஆன சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பியது. பாதையை இரண்டு இடத்தில் எழுதாமல் ஒரே இடத்தில் வைத்திருக்கிறோம் என்ற நல்ல எண்ணம் இதற்குப் பின்னால் இருந்தது.

இப்போது ஒருவர் அந்தப் பாதையில் ஒரு எழுத்தைத் தெரியாமல் மாற்றிவிடுகிறார் என்று வையுங்கள். செயலி புதிய பாதையோடு டிப்ளாய் ஆகிறது. சோதனையும் அதே அட்டவணையைப் படிப்பதால் புதிய பாதைக்கே போகிறது, 200 வருகிறது, பச்சை விளக்கு எரிகிறது. பழைய பாதையைப் புக்மார்க் செய்தவர், மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்துபவர், பழைய பாதையைக் கூப்பிடும் மொபைல் ஆப் என எல்லோருக்கும் 404. பிடிக்க வேண்டிய பிழையை சோதனை பிழையோடு சேர்ந்தே பின்தொடர்கிறது.

எதிர்த்திசையிலும் கோளாறு உண்டு. கருவி ஓடும் கணினியில் இருக்கும் செயலி கோடு புதிய கமிட் (ரெப்போவில் பதிந்த மாற்றம்). சர்வரில் ஓடுவது அதற்கு முந்தையது, ஏனென்றால் டிப்ளாய் பாதியில் நின்றது அல்லது ரோல்பேக் ஆகிப் பழைய பதிப்புக்குத் திரும்பியது. கருவி எதிர்பார்ப்பது புதிய கமிட்டின் மதிப்புகளை. சிவப்பு விளக்கு எரிகிறது, காரணம் செயலியில் இல்லை. அந்தச் செய்தியைப் படிப்பவர் இல்லாத பிழையைத் தேடுகிறார்.

இதைவிட எனக்குக் கவலை தந்தது பாதுகாப்பு. செயலியின் செட்டிங்ஸை இம்போர்ட் செய்த உடனே அது தனக்குத் தேவையான என்விரான்மென்ட் வேரியபிள்களைக் கேட்கும்: ரகசியச் சாவி, டேட்டாபேஸ் முகவரி, மின்னஞ்சல் சேவையின் டோக்கன். அவை இல்லாவிட்டால் இம்போர்ட்டே தோற்கும். அதனால் புரொடக்ஷனைச் சோதிக்கும் பைப்லைன் வேலைக்குள் புரொடக்ஷனின் ரகசியங்கள் வைக்கப்பட்டிருந்தன. ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டிய நிரலுக்கு டேட்டாபேஸ் கடவுச்சொல் எதற்கு? ஒரு இம்போர்ட் வரி நிறைவேற வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை.

கூடவே, செயலிக்குத் தேவையான நூலகங்களை, அதாவது அதன் எல்லா டிபென்டன்சிகளையும், கருவியின் சூழலில் நிறுவ வேண்டியிருந்தது. இரண்டு செயலிகள் ஒரே நூலகத்தின் ஒத்துப்போகாத பதிப்புகளைக் கேட்டால், இரண்டையும் ஒரே சூழலில் சோதிக்க முடியாது.

ஆகவே முதல் முடிவு: கருவியும் அதன் சோதனைகளும் எந்தச் செயலியையும் இம்போர்ட் செய்யக்கூடாது. பாதைகள் சோதனைக் கோப்பில் நேரடியாக, உரையாக எழுதப்படும். ‘ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதுகிறோமே’ என்று எதிர்ப்பு வந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே இரண்டு இடத்தில் எழுதுவதே சோதனை. செயலி தான் தருவதாகச் சொல்வது ஒன்று, வெளியே இருப்பவர் எதிர்பார்ப்பது இன்னொன்று. இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்க அவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பாதையை வேண்டுமென்றே மாற்றினால் இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் சிறு சிரமம், பழைய பாதைக்கு ரீடைரக்ட் வைத்தோமா என்று கேட்க வைக்கிறது.

நிறுவப்படும் பேக்கேஜாக மாற்றியது

சிஸ்.பாத் வரிக்கு விடை எளிது. பைடெஸ்ட் 7.0 பதிப்பில், 2022இல், பைத்தான்பாத் என்ற அமைப்பு வந்தது. கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். அதையும் பரிசீலித்தேன். ஒரே ரெப்போவுக்குள் வாழும் கோடுக்கு அது போதுமானது. இந்தக் கருவியை வெவ்வேறு ரெப்போக்கள் பயன்படுத்தின. எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறோம் என்று ஒவ்வொன்றும் சொல்ல முடிய வேண்டும். அதற்கு பிப் என்ற நிறுவும் நிரல் மூலம் நிறுவும் பேக்கேஜ்தான் வழி. எஸ்ஆர்சி என்ற ஃபோல்டருக்குள் கருவியை நகர்த்தியதால், ரெப்போவின் வேரில் நின்று ஓட்டினாலும் நிறுவாத நகல் தற்செயலாக இம்போர்ட் ஆகாது. உருவாக்குபவர்கள் எடிட்டபிள் முறையில், கோடை மாற்றினால் மறுபடி நிறுவத் தேவையில்லாதபடி, நிறுவிக்கொள்கிறார்கள். எல்லாக் கோப்பிலிருந்தும் சிஸ்.பாத் வரிகளை நீக்கினோம்.

அதோடு பைடெஸ்டின் இம்போர்ட் முறையையும் மாற்றினோம். அதன் இயல்பான முறை ‘பிரிபென்ட்’: சோதனைக் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து மேலே போய், இனிட் கோப்பு (ஒரு ஃபோல்டரைப் பேக்கேஜ் என்று காட்டும் கோப்பு) இல்லாத முதல் ஃபோல்டரை சிஸ்.பாத்தின் முன்னால் செருகும். நாம் எழுதிய வரியை நீக்கினாலும் பைடெஸ்ட் தானாக அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால் பயன் குறைவு. 2020இல் வந்த பைடெஸ்ட் 6.0 தொடங்கி ‘இம்போர்ட்லிப்’ என்ற முறை இருக்கிறது; அது சிஸ்.பாத்தைத் தொடாது. வெவ்வேறு ஃபோல்டர்களில் ஒரே பெயரில் லாகின் சோதனைக் கோப்புகள் இருந்தால் பிரிபென்ட் முறையில் வரும் பெயர் மோதலும் இதில் இல்லை. இதற்கு ஒரு விலை உண்டு: சோதனைக் கோப்புகள் பக்கத்தில் இருக்கும் ஹெல்ப்பர்ஸ் கோப்பைச் சும்மா இம்போர்ட் செய்ய முடியாது. பொதுவான உதவிகள் எல்லாம் கருவி பேக்கேஜுக்குள் போயே ஆக வேண்டும். எங்களுக்கு அது விலையாகத் தெரியவில்லை, வேண்டியதே அதுதான்.

ஹெல்ப்பர்களை உள்ளே நகர்த்தியதும் ஒரு பக்க விளைவு தெரிந்தது. தோற்ற சோதனையின் செய்தியில் ‘எதிர்பார்த்தது 200, வந்தது 302’ என்பதுபோல இருந்த விவரம் மறைந்து, வெறும் அசெர்ஷன் எரர் மட்டும் மிஞ்சியது. பைடெஸ்ட், எதிர்பார்ப்பைச் சரிபார்க்கும் அசெர்ட் வரிகளை ஏற்றும்போதே மாற்றி எழுதித்தான் அந்த விவரத்தைத் தருகிறது. அந்த மாற்றம் சோதனைக் கோப்புகள், கான்ஃப்டெஸ்ட் என்ற பொது அமைப்புக் கோப்பு, பைடெஸ்டோடு இணையும் பிளகின்கள் ஆகியவற்றில் மட்டும் நடக்கும். சாதாரண மாட்யூலில் நடக்காது. ரிஜிஸ்டர் அசெர்ட் ரீரைட் என்ற ஃபங்ஷனை, அந்த மாட்யூல் இம்போர்ட் ஆவதற்கு முன்பே கூப்பிட வேண்டும். வரிசை மாறினால் ‘ஏற்கெனவே இம்போர்ட் ஆகிவிட்டது, மாற்றி எழுத முடியாது’ என்று எச்சரிக்கை வரும்.

எந்தப் பெயர்கள் வாசலில் நிற்க வேண்டும்

ஆழமான பாதைகளைச் சுருக்க, பேக்கேஜின் இனிட் கோப்பில் பெயர்களை மறுபடி வெளியிடுவதே வழக்கமான வழி. அதன் பிறகு எழுதுபவர் ‘ஃப்ரம் கருவி இம்போர்ட் கிளையண்ட், லாகின்தோல்வி’ என்று முடித்துக்கொள்ளலாம். உள்ளே கோப்புகளை எப்படி நகர்த்தினாலும் வெளியே எதுவும் உடையாது. ஆல் என்ற பட்டியலில் எந்தெந்தப் பெயர்கள் பொதுவானவை என்று எழுதிவைத்தோம். நட்சத்திர இம்போர்ட்டை எல்லா இடத்திலும் நீக்கினோம். எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று படிப்பவருக்கும் தெரியாது, கோடை ஓட்டாமலே குறை காணும் லின்ட்டருக்கும் தெரியாது என்பதால் பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 அதைத் தவிர்க்கச் சொல்கிறது.

எல்லாவற்றையும் வாசலில், அதாவது இனிட் கோப்பில், வைக்கலாமா என்பதில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. கருவியின் ஒரு பகுதி உண்மையான பிரவுசரை ஓட்டுகிறது, அதற்கான நூலகம் கனமானது. பெரும்பாலான சோதனைகளுக்கு எச்டிடிபி கிளையண்ட் மட்டும் போதும். பிரவுசர் கிளாஸையும் இனிட் கோப்பில் வைத்தால், ஒரு ஹெல்த் பக்கத்தைப் பார்க்கும் சோதனைகூட அந்த எடையைச் சுமக்கும். பைத்தான் 3.7இல் வந்த ‘இம்போர்ட்டைம்’ என்ற எக்ஸ் தேர்வோடு ஓட்டினால், ஒவ்வொரு மாட்யூலும் ஏற எடுத்த நேரத்தை மைக்ரோசெகண்டில் மரம்போல அச்சிடும். எந்தக் கிளை கனமானது என்று ஊகிக்கவே தேவையில்லை.

அதே 3.7இல் பெப் 562 மூலம், மாட்யூல் அளவில் கெட்ஆட்ர் (மாட்யூலில் இல்லாத பெயரைக் கேட்டால் கூப்பிடப்படும் ஃபங்ஷன்) எழுதும் வசதியும் வந்தது. பெயரை யாராவது கேட்கும்போது மட்டும் உள்ளே இம்போர்ட் செய்துகொள்ளலாம். அழகான வசதி, பெரிய நூலகங்கள் நன்றாகப் பயன்படுத்துகின்றன. இங்கே வேண்டாம் என்று முடிவுசெய்தேன். அப்படிச் செய்தால் எடிட்டரும் டைப் செக்கரும் பெயரைக் காண்பதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். பிரவுசர் நூலகம் நிறுவப்படவில்லை என்றால், பிழை கோப்பின் தலையில் வராமல் சோதனையின் நடுவில் வரும் வாய்ப்பும் இருக்கிறது. ‘ஃப்ரம் கருவி.பிரவுசர் இம்போர்ட் பிரவுசர்’ என்று தனி வரி எழுதச் சொன்னோம். இந்தச் சோதனைக்குப் பிரவுசர் வேண்டும் என்று கோப்பின் தலையிலேயே தெரிவது நல்லது.

வாசல் அமைத்த அன்றே ஒரு வட்ட இம்போர்ட் வெளிப்பட்டது. இனிட் கோப்பு கிளையண்டை இழுத்தது. கிளையண்ட் கோப்போ ‘ஃப்ரம் கருவி இம்போர்ட் லாகின்தோல்வி’ என்று வாசலுக்கே திரும்பி வந்தது. வாசல் பாதிதான் ஏறியிருந்தது. பைத்தான் 3.8 முதல் இந்தப் பிழைச் செய்தியே ‘பாதி ஏறிய மாட்யூல், வட்ட இம்போர்ட்டாக இருக்கலாம்’ என்று சொல்லிவிடுகிறது. விதி ஒன்று வைத்தோம்: வாசல் வெளியாருக்கு மட்டும், பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்புகள் தேவையான உள் மாட்யூலிலிருந்தே நேராக எடுக்க வேண்டும்.

சோதனைக்கு முன் பைடெஸ்ட் தயாராக்கித் தரும் ஃபிக்ஸ்சர்களுக்கு இம்போர்ட்டே வேண்டியதில்லை. நிறுவிய பிளகின்களை பைடெஸ்ட் தேடிப் பார்க்கும் பதிவான பைடெஸ்ட்11 என்ற என்ட்ரி பாயிண்டில் கருவியைப் பிளகினாகப் பதிவுசெய்தோம். பேக்கேஜை நிறுவினாலே, சோதனை ஃபங்ஷனின் அளவுருவில் ‘கிளையண்ட்’ என்று எழுதினால் போதும். முகவரி அமைத்த, லாகின் செய்த கிளையண்ட் கைக்கு வரும். பிளகினாக நிறுவப்படும் பேக்கேஜின் அசெர்ட் வரிகளை பைடெஸ்ட் தானே மாற்றி எழுதும் என்பது கூடுதல் லாபம். பெரும்பாலான சோதனைக் கோப்புகளில் இப்போது கருவியிலிருந்து ஒரு இம்போர்ட் வரிகூட இல்லை.

பழைய பாதைகளை விட்டுவைத்தபோது

எல்லா ரெப்போவும் ஒரே நாளில் மாறாது. பழைய மாட்யூல் பாதைகளைச் சிறு கோப்புகளாக விட்டுவைத்து, அவை புதிய இடத்திலிருந்து அதே பொருளை எடுத்து வெளியிட்டன; கூடவே ‘இந்தப் பாதை கைவிடப்படுகிறது’ என்று சொல்லும் டெப்ரிகேஷன் வார்னிங். எச்சரிக்கையில், எத்தனை படி மேலே கூப்பிட்டவரின் வரியைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்டாக்லெவல் சரியாகக் கொடுக்காவிட்டால், பழைய பெயரைப் பயன்படுத்தியவரின் வரியைக் காட்டாமல் நம் கோப்பையே காட்டும். கிளாஸை நகலெடுக்காமல் அதே கிளாஸை வெளியிடுவது கட்டாயம், இல்லாவிட்டால் முன்பு சொன்ன இரட்டைக் கிளாஸ் குழப்பம் வேறு வழியாக வந்துவிடும்.

இதில் மிகக் கவனம் தேவைப்பட்ட இடம், உண்மையானதற்குப் பதிலாகப் போலியை வைக்கும் மாக். கருவியின் சொந்த யூனிட் டெஸ்டுகள், நிஜ ரிக்வெஸ்ட் போகாமலிருக்க, ரிக்வெஸ்ட் அனுப்பும் ஃபங்ஷனை பேட்ச் செய்தன, அதாவது தற்காலிகமாகப் போலியால் மாற்றின. பேட்சுக்குத் தருவது ஒரு உரை: மாட்யூலின் பாதையும் பெயரும். பழைய பாதை இன்னும் உயிரோடு இருப்பதால் அந்த உரை பிழை தராது. ஆனால் அது மாற்றுவது பழைய கோப்பில் இருக்கும் பெயரை மட்டும். உண்மையான கிளையண்ட் புதிய இடத்தில் தொடப்படாமல் இருக்கும், ரிக்வெஸ்ட் நிஜமாகவே போகும். டிப்ளாய் ஆன செயலிகளோடு பேசும் கருவிக்கு இது சின்ன விஷயமல்ல. அதனால் பழைய பாதையைச் சுட்டும் பேட்ச் உரைகளை முதலில் தேடி மாற்றிவிட்டுத்தான் கோப்புகளை நகர்த்தினோம். யூனிட் டெஸ்ட் ஓடும்போது சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு) திறந்தால் உடனே தோற்கும்படி ஒரு தடுப்பும் வைத்தோம்.

மறுபடி நுழையாமல் இருக்க

எழுதிவைத்த விதிகளை அவசரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். எது எதை இம்போர்ட் செய்யலாம் என்று கண்காணிக்கும் இம்போர்ட் லின்டரில் செயலிப் பேக்கேஜ்களைத் தடைசெய்து ஒரு ஒப்பந்தம் எழுதினோம். ரஃப் என்ற லின்ட்டர் இம்போர்ட்டுகளை வரிசைப்படுத்துகிறது, நட்சத்திரத்தைப் பிடிக்கிறது. இவற்றோடு நான் மிகவும் நம்புவது ஒரு சின்னச் சோதனை: புதிய பைத்தான் செயல்முறை ஒன்றை ஐசொலேட்டட் முறையில் தொடங்கி, கருவியை இம்போர்ட் செய்து, சிஸ்.மாட்யூல்ஸில் பிரவுசர் நூலகமோ செயலியோ இருக்கிறதா என்று பார்க்கிறது. ஐசொலேட்டட் முறை பைத்தான்பாத் வேரியபிளையும் நடப்பு ஃபோல்டரையும் புறக்கணிப்பதால், கணினிக்குக் கணினி விடை மாறாது.

செயலியின் இம்போர்ட்டுகள் போனதும், பைப்லைன் வேலையிலிருந்து ரகசியச் சாவியையும் டேட்டாபேஸ் முகவரியையும் நீக்கினோம். இப்போது அந்த வேலைக்குத் தெரிந்தவை செயலியின் முகவரியும், சோதனைக்காகவே உருவாக்கிய, குறைந்த உரிமையுள்ள பயனரின் கடவுச்சொல்லும்தான்.

கடினமாகிப்போன ஒன்றும் உண்டு. முன்பு சோதனைகள் மாடல்களை இம்போர்ட் செய்து, தேவையான தரவை டேட்டாபேஸில் நேராக உருவாக்கிக்கொண்டன. அது வேகமானது, வசதியானது. இப்போது இன்வாய்ஸ் ஒன்று வேண்டுமென்றால், பயனர் செய்வதுபோலப் படிவம் வழியாகவே உருவாக்க வேண்டும். சோதனை முடிந்ததும் அதே வழியில் நீக்க வேண்டும். சில சோதனைகள் இதனால் மெதுவாகின. நீக்கும் பக்கமே இல்லாத தரவு வகைகளுக்கு, ஸ்டேஜிங்கில் மட்டும் ஓடும் ஒரு சுத்தம் செய்யும் கட்டளையைச் செயலியின் குழு எழுதித் தந்தது. புரொடக்ஷனில் அந்த வகைச் சோதனைகளைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அங்கே எழுதிப் பார்ப்பதற்கு நல்ல வழி இன்னும் எங்களிடம் இல்லை.